வீதா காசு ஒட்டிய பாட்டு

அன்று காலையிலிருந்தே வீதாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய கோப்பைகளையே எடுத்து மறுபடி கழுவினாள். பீர் குழாயைத் திறந்துவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். நுரை வழிந்து கை நனைந்த பிறகுதான் மூடினாள். கழிப்பறைக்குப் போகிறேன் என்று கிளம்பிப் பாதி வழியில் எதற்குக் கிளம்பினோம் என்பதை மறந்து திரும்பி வந்தாள். பாரில் அவளோடு நிற்கிற ஜகோர்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

“ஏன்டி, எறும்புப் புத்துல உக்காந்து எழுந்தவ மாதிரி குதிக்கிற? மேடையேறப் போறது உன் பொண்ணா, நீயா?”

“அவதான். குதிக்கிறதுதான் நான்.”

செர்பியாவில் எங்கள் ஊர் கூச்சாவில் எக்காள விழா என்றால் ஊர் எங்கே முடிகிறது, கொட்டகை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. தெருவுக்குத் தெரு பன்றியும் ஆடும் கம்பியில் சுழலும். மண்பானையில் முட்டைக்கோஸும் இறைச்சியும் விடிய விடியக் கொதிக்கும். வருகிறவன் தின்று, குடித்து, மேசைமேல் ஏறி ஆடி, காது கிழியக் கேட்டுவிட்டுப் போய்விடுவான். போய் அவன் ஊரில், ஆகா என்ன விழா என்று கதை அளப்பான். அவன் கையில் கோப்பையைக் கொடுத்தவள் எப்படி இருந்தாள் என்று கேளுங்கள். தலையைச் சொறிவான். பாருக்குப் பின்னால் நிற்கிற பெண்ணுக்கு இடுப்புக்கு மேலேதான் உடம்பு என்று நினைப்பு அவர்களுக்கு. கால் எப்படி வீங்கியிருக்கிறது என்று எவன் எட்டிப் பார்த்தான்?

வீதாவின் முழுப்பெயர் விதோசவா. லாரி ஓட்டப் போன புருஷன் ஸ்லோவேனியாவில் இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்ட பிறகு, குளிர்காலத்தில் மிலாதினின் சாலையோர உணவகத்தில் சமையல், கோடையில் அவனுடைய விழாக் கொட்டகைகளில் பார் என்று அவள் வாழ்க்கை ஓடியது. கோடை முழுக்கத் திருவிழாதான். வறுவல் திருவிழா, பீர் திருவிழா, மிளகாய்த் திருவிழா. ஊர் மாறும், குழாய் மாறாது. லாரியின் பின்னால் பெஞ்சுகளோடு பெஞ்சாக அவளும் ஜகோர்காவும் உட்கார்ந்து போவார்கள். ஆண்கள் கையைப் பிடித்து இழுத்தால் ஒரு கோப்பையை அந்தக் கையில் திணித்துவிட்டு அடுத்தவனிடம் திரும்புவது, மேசைமேல் ஏறி ஆடு என்று கத்தினால் “நான் ஏறினா மேசை தாங்காது, உன் பொண்டாட்டியைக் கூப்பிடு” என்பது, நாள் முழுக்கத் தண்ணீரை வாய் நனைக்க மட்டும் குடிப்பது எல்லாம் அவளுக்குப் பாடம். தண்ணீர் குடித்தால் கழிப்பறை வரிசையில் நிற்க வேண்டுமே!

பாரின் இடது கோடி எப்போதும் வீதாவுக்குத்தான். யாருக்கும் விட்டுத்தர மாட்டாள். அங்கே நின்றால் கொட்டகை மொத்தமும் அவளுக்கு வலது பக்கம். ஏனென்றால் இடது காது போய்விட்டது. எக்காளக்காரர்கள் காசு கொடுத்தவனைச் சந்தோஷப்படுத்த அவன் காதுக்குள்ளேயே வாயை வைத்து ஊதுகிற ஊர் இது. நடுவில் தட்டோடு நுழைகிறவள் காதை யார் கணக்கில் எடுத்தார்கள்? கொஞ்சம் கொஞ்சமாக மேல் சுருதி போயிற்று, பிறகு பேச்சு, பிறகு எல்லாமே. வலது காதிலும் மேல் சுருதி மட்டும் மங்கிவிட்டது. பக்கத்து நகரமான சாச்சாக்கில் ஒரு கடையில் கல்லாவில் சேர்ந்து பார்த்தாள். சர்க்கரை கேட்டவனுக்குச் சவர்க்காரம் கொடுத்து ஒரே வாரத்தில் வேலை போயிற்று. கொட்டகையில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே எக்காளச் சத்தத்தில் எல்லோருமே செவிடுதான். விரலைக் காட்டித்தான் கேட்பார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மூன்று பீர். உதட்டைப் படிக்கவும் அவள் கற்றுக்கொண்டாள். ஜகோர்கா ஒருத்திக்குத்தான் விஷயம் தெரியும். மிலாதினுக்குத் தெரிந்தால் பாத்திரம் கழுவ அனுப்பிவிடுவான் என்று வீதாவுக்குப் பயம்.

மகள் இஸ்க்ராவிடமும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் வேறு. அந்தப் பெண் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்து எக்காளத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வந்த நாளிலிருந்து சோறு தண்ணியை மறந்து ஊதினாள். எக்காளம் தின்ற காது இது என்று தெரிந்தால் அவள் அதைத் தொடுவாளா? இருக்கிற ஒரு சந்தோஷத்தையும் பிடுங்கவா என்று வீதா வாயை மூடிக்கொண்டாள். ஆனால் மூடின வாய்க்கும் ஒரு விலை உண்டு. கொல்லைக் கொட்டிலில் வாசித்துவிட்டு, “அம்மா, இது எப்படி இருந்துச்சு?” என்று இஸ்க்ரா கேட்பாள். இடது பக்கத்திலிருந்து கேட்டிருப்பாள். அம்மா குடைமிளகாயை உரித்துக்கொண்டு குனிந்த தலை நிமிர மாட்டாள். அந்தக் குழந்தை என்ன நினைக்கும்? அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றுதானே நினைக்கும்.

இப்போது இஸ்க்ராவுக்குப் பத்தொன்பது வயது. பத்து ஆண்கள் உள்ள குழுவில் ஒரே பெண், அதுவும் முதல் எக்காளம். போட்டியில் வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். விழா தொடங்கும் முன் வீட்டில் பெரிய சண்டை.

“செர்பியாவுல இருக்கிற எல்லா எக்காளத்தையும் கேப்பே. என்னோடதை மட்டும் கேக்க மாட்டே,” என்றாள் இஸ்க்ரா. “செவிடன் காதுல ஊதின சங்கு, அவ்வளவுதான் நான்.”

வீதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துதான் சொல்கிறாளோ? இல்லை, வாய்க்கு வந்த பழமொழியை எறிந்திருக்கிறாள்.

“வேலை இருக்கும்போது எப்படிடீ வர்றது?”

“வராதே. போட்டி முடிஞ்சதும் நான் குழுவோட நோவி சாத் பட்டணத்துக்குப் போறேன், அங்கேயே இருந்துடுவேன். முதல்ல ஒரு மெதுவான பாட்டு வாசிப்பேன், அப்புறம் கோலோ ஆட்டம். அந்த மெதுவான பாட்டு என்னன்னு வந்து கேட்டுட்டுச் சொல்லு. சொன்னா வீட்டுக்கு வந்து துணியெடுத்துட்டு ஒழுங்கா சொல்லிட்டுப் போறேன். இல்லேன்னா மேடையிலேர்ந்து நேரா பஸ்தான்.”

யாரிடமாவது விசாரித்துச் சொல்லிவிடலாமே என்பீர்கள். வீதாவும் நினைத்தாள். ஆனால் இஸ்க்ரா கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்லி இதுவரை ஒருவரும் தப்பியதில்லை. அவள் அப்பா உட்பட.

போட்டி நாளன்று இஸ்க்ராவின் குழு வாசிக்கும் நேரத்துக்கு அரை மணி விடுகிறேன் என்று மிலாதின் வாக்குக் கொடுத்திருந்தான். கெட்ட ஆள் இல்லை அவன். வாக்குக் கொடுக்கும்போது மனசாரத்தான் கொடுப்பான். ஆனால் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் ஆடிக்கொண்டிருந்த கூட்டம் அத்தனையும் கொட்டகைக்குள் பாய்ந்தது. பாரின் முன்னால் கைகள், கைகளுக்குப் பின்னால் கைகள். மூன்றாவதாகக் குழாயடியில் நின்ற பெண் மயக்கம் போட்டு, பின்பக்கம் மூட்டைமேல் படுத்திருந்தாள்.

“முதலாளி, அரை மணி சொன்னீங்களே?”

“வீதா, என் தாயே, இந்தக் கூட்டத்தைப் பாரு! இப்போ நீ போனா ஜகோர்காவைப் பிச்சுத் தின்னுடுவானுங்க.”

“என் பொண்ணுங்க, முதலாளி.”

“டிவி இருக்கில்ல? அதுல பாரு. நேரடியா காட்டுறான்.”

பாருக்கு மேலே தொங்கிய டிவியைக் காட்டிவிட்டு அவன் போய்விட்டான். டிவியில் மைதானத்து மேடை தெரிந்தது. ஒரு குழு வாசித்துக்கொண்டிருந்தது. கன்னம் உப்புவதும் விரல் ஓடுவதும் தெரிந்தன. சத்தம்? அதை முழுசாகக் கூட்டித்தான் வைத்திருந்தார்கள். பத்து அடியில், கொட்டகைக் கூட்டத்துக்காக ஜெவாத்தின் எக்காளக் குழு ஊதிக்கொண்டிருக்கும்போது டிவி எம்மாத்திரம்? வலது காதை ஒட்டவைத்தாலும் கேட்காது.

வீதா பீர் பிடித்தாள், கொடுத்தாள், டிவியைப் பார்த்தாள். இரண்டு விரலுக்கு மூன்று கொடுத்தாள். இப்படியே கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடலாமா என்று கால் துடித்தது. ஓடினால் குளிர்காலச் சமையல் வேலையும் போகும், ஜகோர்காவும் மாட்டிக்கொள்வாள். நின்றால் பெண் போய்விடுவாள். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, அவளுக்கு இரண்டும் ஓடின, ஒன்றும் உருப்படியாக நடக்கவில்லை.

“மறுபடி முனக ஆரம்பிச்சுட்டே,” என்று ஜகோர்கா வலது காதில் கத்தினாள்.

“நானா?”

“இல்ல, பீப்பாய் முனகுது! பதட்டம் வந்தா உனக்கு அந்த ஒரு பாட்டுதான்.”

ஜெவாத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வ்ரான்யே ஊர்ப் பக்கத்துக்காரன், ஜிப்ஸி என்பார்களே, அந்த ரோமா இனத்தான், ஐம்பது வயது, வாய் நிறையத் தங்கப் பல். அவனும் மிலாதின் போகும் விழாவுக்கெல்லாம் வருவான். வீதாவைத் தங்கச்சி என்பான். எக்காளக்காரனுக்கு யார் காசு ஒட்டுகிறானோ அவன்தான் ராஜா. வியர்த்த நெற்றியில் நோட்டை ஒட்டிவிட்டுப் பாட்டைச் சொன்னால், அந்தப் பாட்டு முடிகிறவரை அது அவனுடையது. ஜெவாத் இதில் கறார். பாதியில் நிறுத்த மாட்டான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அப்பாவும் பெண்ணின் அப்பாவும் கட்டிப் புரண்டபோதுகூட ஒட்டிய பாட்டை முடித்துவிட்டுத்தான் எக்காளத்தைக் கீழே இறக்கினான் என்பார்கள்.

அன்று ராஜா லூபிசாவ். வியன்னாவில் சுவர் பூசுகிற வேலை, கழுத்தில் சங்கிலி, வருஷத்துக்கு ஒரு தடவை ஊர். வந்ததிலிருந்து ஒரே பாட்டை நான்காவது தடவையாக வாசிக்கச் சொல்லி, கையை விரித்துக் கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தான். அழட்டும், பாவம். வருஷம் முழுக்க அழ நேரம் இல்லாதவன்.

வீதா நிமிர்ந்தாள். டிவியில் இஸ்க்ரா.

துணித் தொப்பி, பூவேலை செய்த கைவைக்காத சட்டை, ஆண்களுக்கு நடுவில் ஒல்லியாக. குழு மேடையில் வரிசை கட்டிக்கொண்டிருந்தது. யாரோ மைக்கைச் சரிசெய்தார்கள்.

வீதா இடுப்பில் கட்டியிருந்த பையில் கைவிட்டாள். கையில் வந்த நோட்டை எடுத்தாள். பாரின் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

“அடியே, எங்கடி?” என்று ஜகோர்கா கத்தினாள். அது காதில் விழுந்ததோ இல்லையோ.

கூட்டத்தைத் தோளால் பிளந்துகொண்டு போய், ஊதிக்கொண்டிருந்த ஜெவாத்தின் நெற்றியில், லூபிசாவின் நோட்டுக்குப் பக்கத்தில், தன் நோட்டை அறைந்து ஒட்டினாள். ஜெவாத் ஊதியபடியே புருவத்தை உயர்த்தினான். பரிமாறுகிறவள் காசு ஒட்டி அவன் பார்த்ததில்லை. மூச்சு வாங்குகிற இடைவெளியில், “என்ன பாட்டு, தங்கச்சி?” என்றான்.

“ஒண்ணும் வாசிக்காதீங்க, அண்ணே. சும்மா இருங்க. அதுதான் என் பாட்டு. டிவியில என் பொண்ணு.”

ஜெவாத் டிவியைப் பார்த்தான். பிறகு லூபிசாவைக் கண்ணால் காட்டினான். அவன் பாட்டு இன்னும் முடியவில்லையே! அங்கே இஸ்க்ரா எக்காளத்தைத் தூக்கிவிட்டாள்.

அப்போது ஜெவாத் மத்தளக்காரனைப் பார்த்துத் தலையை ஆட்டினான். லூபிசாவின் அழுகைப் பாட்டு திடீரென்று ஓட்டம் பிடித்தது. பாட்டில் பிரிந்து போகிற காதலி குதிரை வண்டியில் போவது போய் ரயிலில் போனாள். லூபிசாவ் கண்ணைத் திறப்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. ஒரு வரியையும் விடாமல்தான் முடித்தான், நியாயம் நியாயம்தான்.

கொட்டகை நிசப்தமாகிவிட்டது. விழா நாளில் அப்படியொரு நிசப்தத்தை எங்கள் ஊர் அறியாது. மேசைமேல் ஆடியவர்கள் தூக்கிய காலோடு நின்றார்கள். சமையல் பக்கத்திலிருந்து மிலாதின் கரண்டியோடு ஓடி வந்தான்.

“கரண்ட் போச்சா? யாராவது செத்துட்டாங்களா?”

“ஊதுய்யா!” என்று லூபிசாவ் ஒரு நூறு யூரோ நோட்டை ஜெவாத்தின் கன்னத்தில் ஒட்டினான். “எதுக்கு நின்னே?”

“நிக்கல, லூபிசாவ். தங்கச்சியோட பாட்டு ஓடிக்கிட்டு இருக்கு.”

“என்ன பாட்டு? ஒண்ணும் கேக்கலையே!”

“வாயை மூடு, கேக்கும். நடுவுல நிறுத்துற பழக்கம் எனக்குக் கிடையாது. உன் நோட்டு அங்கேயே இருக்கட்டும், அடுத்தது உனக்கு.”

பக்கத்துக் கொட்டகை வாத்தியக்காரர்கள் போட்டிக்குப் போயிருந்தார்கள். கூரையில் மழை மட்டும் சொட்டியது. டிவியில் எக்காளம் கேட்டது.

வீதா டிவிக்கு நேர் கீழே போய் வலது காதைத் திருப்பி நின்றாள். முதல் வரி போய்விட்டிருந்தது. இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. புல்லறுப்புப் பாட்டு. மலைமேல் புல் வெட்டுகிறவர்கள் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்குப் பாடுவது. போட்டியில் யாரும் அதை எடுப்பதில்லை. விரலுக்கு வேலையில்லாத பாட்டு.

வரியின் கடைசியில் பாட்டு மேலே ஏற வேண்டும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். இஸ்க்ராவின் எக்காளம் ஏறவில்லை. மெல்லக் கீழே இறங்கிவிட்டது.

“அய்யோ,” என்று ஜெவாத் பல்லைக் கடித்தான். “வழுக்கிட்டா பொண்ணு.”

அடுத்த சுற்று. அதே இடம் வந்தது. மறுபடியும் இறங்கியது, அவசரமில்லாமல்.

“இல்ல, வழுக்கல. தெரிஞ்சேதான் பண்றா. நடுவருங்க மார்க்கைக் குறைப்பானுங்களே! எவன் சொல்லிக் குடுத்தான் இவளுக்கு இப்படி?”

பாருக்குப் பின்னாலிருந்து ஜகோர்கா சொன்னாள், “எவனும் சொல்லிக் குடுக்கல. இத்தனை வருஷமா பக்கத்துல நின்னு கேக்கிறேன் நான். இவ முனகுறது அப்படித்தான்.”

கொட்டகை முழுக்க வீதாவைப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. தான் முனகுவது இன்னொருவர் காதில் விழும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. அடுப்படியில், மிளகாய் உரிக்கும்போது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரிகளில் முனகியிருப்பாள். மேல் சுருதி காதை விட்டுப் போனதும் பாட்டும் அவளுக்குள் கீழே இறங்கிவிட்டது போலிருக்கிறது. அந்தப் பாட்டு எப்போதுமே இப்படித்தான் இறங்கும் என்று நினைத்திருந்தாள். மகள் வாசித்ததைத்தான் இவள் கேட்கவில்லை. அந்தப் பெண் கொல்லையில் உட்கார்ந்து அத்தனையும் கேட்டிருக்கிறாள். வீதாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துடைக்கத் துணி தேடி, பார் துடைக்கிற ஈரத்துணியிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு கோலோ வந்தது. அது ஓட்டமும் குதியுமாகப் பிரமாதமாக இருந்தது. ஜெவாத்தின் ஆட்களுக்கு விரல்கள் தானாக ஆடின, ஒருவனும் ஊதவில்லை. முடிந்து கைதட்டல் வந்ததும் லூபிசாவ், “ஆச்சா?” என்றான், சற்று மரியாதையாக.

ஜெவாத் வீதாவைப் பார்த்தான். “ஆச்சா, தங்கச்சி?”

“ஆச்சு, அண்ணே.”

“காசைத் திருப்பித் தர மாட்டேன். சும்மா இருக்கிறது லேசுன்னு நினைச்சியா? மூச்சு முட்டிப் போச்சு.” நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஊத ஆரம்பித்தான். லூபிசாவுக்கு ஐந்தாவது தடவையாக அதே பாட்டு. இந்தத் தடவை காதலி நிதானமாகக் குதிரை வண்டியிலேயே போனாள்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மழை விட்டு, கூட்டம் கொஞ்சம் கலைந்திருந்தது. வீதா குனிந்து பெட்டியிலிருந்து பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜகோர்கா அவள் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

இடது பக்கம், பாரின் கோடியில், இஸ்க்ரா நின்றுகொண்டிருந்தாள். தொப்பி கையில். எத்தனை தடவை கூப்பிட்டாளோ, முகம் சிவந்திருந்தது. வீதா உதட்டைப் படித்தாள்.

“என்ன வாசிச்சேன்?”

“புல்லறுப்புப் பாட்டு,” என்றாள் வீதா. “கடைசியில மேல போகணுமாம். நீ இறக்கிட்டியாம். ஜெவாத் அண்ணன் சொல்றாரு.”

இஸ்க்ராவின் முகம் மாறியது. வந்தபோது இருந்த வீம்பு எங்கே போயிற்றோ.

“நீ அப்படித்தானே பாடுவே? எனக்கு அப்படித்தான் தெரியும்.”

“மார்க் போயிடுமேடீ.”

“போகட்டும். நீ வேணும்னுதான் இறக்குறேன்னு நினைச்சேன். அதுதான் அழகா இருக்கு.”

வீதா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். சொல்ல வேண்டாம் என்று வருஷக் கணக்காக அடக்கி வைத்தது அவளை மீறி வந்துவிட்டது.

“வேணும்னு இல்லடீ. மேல இருக்கிறது எனக்குக் கேக்காது.” இடது காதைத் தொட்டாள். “இது செத்துப்போயி ரொம்ப நாளாச்சு. இந்தப் பக்கத்துலேர்ந்து நீ என்ன சொன்னாலும் எனக்கு எட்டாது. ஒருநாளும் எட்டினதில்ல.”

இஸ்க்ரா நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கண் எங்கெங்கோ போய் வந்தது. கொல்லைக் கொட்டில், மிளகாய்க் கூடை, குனிந்த தலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். மூன்று விரலைக் காட்டிக்கொண்டு ஒருவன் இடையில் புகுந்தான். ஜகோர்கா அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இஸ்க்ரா பாரின் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். எக்காளத்தைப் பீப்பாய்மேல் வைத்தாள். அம்மாவைச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் நின்று, காதருகே குனிந்தாள்.

“அந்தப் பக்கம் நின்னு சொன்னதையெல்லாம் முதல்லேர்ந்து சொல்றேன், கேளு,” என்றாள்.